முளைக்காத சாமை

யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இவருக்கு என்னிடம் என்ன வேண்டும்? என்னைக் குறை சொல்லிப் பயனில்லை. கொல்லிமலையில், அதுவும் திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பாதிப்பேர் இப்படித்தான். வண்டி போட்டுக்கொண்டு மலையேறி வருகிறவன் சும்மா வரமாட்டான் என்று பால் குடிக்கிற வயதிலேயே காதில் போட்டு விடுவார்கள். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் என்பதெல்லாம் வாசல் பலகையில்தான். பைல் நாட்டுப் பக்கம் ஒரு சரிவில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நாலு கட்டடங்கள், ஒரு பழைய பஸ், வழுக்கி விழ ஒரு விளையாட்டு மைதானம். அவ்வளவுதான். யார் நேற்று அழுதார்கள், யார் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது என்பதெல்லாம் காலை டிபனுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் தாவரவியல் மேடம்தான் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டன். ஊர்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போகும் சமூகத் திட்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. காலையில் இலையைக் குறுக்கே வெட்டிக் காட்டுவார், மத்தியானம் பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நட அழைத்துப் போவார், சாயங்காலம் ரசம் தண்ணியாக இருக்கிறது என்ற புகாரைக் கேட்டுக்கொண்டு நிற்பார். ஒரே ஆள் இத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாரே, இதில் அவருக்கு என்ன லாபம் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

மலைப் பெண்களுக்குப் படிப்பும் சாப்பாடும் அங்கே இலவசம். ஊரில் அதைக் கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், "ஓசியில எவன் குடுப்பான்?" எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் சேர்ந்தேன். சேராவிட்டால் அடுத்த தையிலேயே மாமன் மகனுக்குக் கட்டி வைத்திருப்பார்கள். அவன் நல்லவன்தான், ஆனால் ட்ராக்டரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. அப்பா போனதிலிருந்து வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். "மூணு வருசம். அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல கண்ணு," என்று கறாராகச் சொல்லித்தான் என்னை அனுப்பினாள். ஒரு வருடம் தவறினால் பட்டமும் கிடையாது, மறுபடி வந்து எழுதுகிற கதையும் கிடையாது. நேரே மணவறைதான்.

முதல் வருடமே மலை நாள் என்று ஒரு விழா வைத்தார்கள். மலையில் பிறந்தவர்கள் எல்லோரும் உங்கள் உடையில் வாருங்கள் என்றார்கள். எங்கள் உடை என்ன, நீங்கள் போடுகிற அதே சுடிதார்தான் என்றேன். சரி, உங்கள் ஆட்டத்தையாவது ஆடுங்கள் என்றார்கள். எனக்கு ஆடத் தெரியாது. கடைசியில் நாமக்கல்லில் இருந்து வந்த ஒரு பெண் யூடியூபில் பார்த்து எங்கள் ஆட்டத்தை ஆடினாள். நாங்கள் மலைக்காரர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கை தட்டினோம். நன்றாகத்தான் ஆடினாள், அதை மறுக்க முடியாது. ஆனால் எதற்காக இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

என் அறைத்தோழி சேலத்துக்காரி. நல்ல சிவப்பு, நல்ல வாய். வந்த முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், காட்டில் என்ன கிழங்கு தோண்டுவீர்கள், விதையில் பூச்சி விழாமல் எப்படி வைப்பீர்கள்? கேட்கும்போது அவள் போன் கட்டில் மேல் கவிழ்ந்து கிடக்கும். அது பதிவு செய்கிறதா, சும்மா கிடக்கிறதா, யார் கண்டது?

"வேப்பிலை போட்டு வெப்பீங்களாடி?" என்பாள்.

"ஆமா."

"சாம்பலா?"

"அதுவுந்தான்."

எங்கள் வீட்டில் இரண்டுமே போடமாட்டோம். என்ன போடுவோம் என்பதை இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை. அவள் நான் சொன்ன அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். தன் முறுக்கில் பாதியை உடைத்துத் தருவாள். நான் தின்பேன். தின்றுகொண்டே அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பேன்.

கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஒரு ப்ராஜக்ட் செய்ய வேண்டும். மேடம் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ப் பெருஞ்சாமையக் கொண்டு வா கண்ணு. நம்ம ப்ளாட்டுல போட்டு, அடிவாரத்துச் சாமையோட சேத்து வளத்துப் பாரு. அது போதும் உனக்கு," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருஞ்சாமை எங்கள் பக்கத்திலேயே இப்போது சில வீடுகளில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு இன்னொரு விதி வேறு. ப்ராஜக்டுக்குக் கொண்டுவரும் விதையில் ஒரு பிடி பல்கலைக்கழகத்தின் விதை அறையில் தங்க வேண்டுமாம். ஆஹா, வந்தது பார் விஷயம் என்று நினைத்தேன். மூன்று வருடம் சோறு போட்டது இதற்குத்தான்.

ஆனால் வேறு ப்ராஜக்ட் கேட்க நேரமில்லை. ஆடி பிறப்பதற்குள் விதைத்தால்தான் பரீட்சைக்கு முன் அறுக்க முடியும். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ஒரு பிடி அங்கேயே வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன், ஆனால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ஏதோ பஸ் டிக்கெட் எடுப்பது மாதிரிச் சொன்னேன். எனக்குள் இருந்த பயத்தைக் காட்டினால் படிப்பே வேண்டாம் என்று பையைப் பிடுங்கி வைத்துக்கொள்வாள். அம்மா "எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. வெய்யில்ல காயப் போட்டுத் தாரேன்," என்றாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு வெள்ளைத் துணியில் இறுக்கி முடிந்து என் கையில் கொடுத்தாள். "பத்தரமா கொண்டு போ சாமி."

நிலத்தில் போடுவதற்கு முன் கொஞ்சத்தை எடுத்து முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் ஈரத்தாள் விரித்து, சாமையைத் தூவி மூடி வைத்தேன். சாமை சண்டித்தனம் பண்ணுகிற தானியம் இல்லை. ஈரம் பட்டால் போதும், அவசரமாக எட்டிப் பார்க்கும். இது எட்டிப் பார்க்கவில்லை. நாலு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. பூஞ்சை வந்ததே தவிர முளை வரவில்லை.

"தண்ணியில ஏதாவது இருக்கும். திரும்பப் போடு," என்றார் மேடம்.

திரும்பப் போட்டேன். அதுவும் அப்படியே செத்துக் கிடந்தது.

என் மண்டைக்குள் அப்போதுதான் வண்டு குடைய ஆரம்பித்தது. ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது? மேடத்திடம். நல்ல விதையை எடுத்துக்கொண்டு உதவாத விதையை மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்? இல்லாவிட்டால் மலைச்சாமை மட்டம் என்று நிரூபிக்க யாராவது எதையாவது தெளிக்கிறார்களா? அடுத்த மேசையில் காளான் வளர்த்துக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்ததும் ஏன் பேச்சை நிறுத்துகிறான்? மீதி விதை முடிச்சை நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்புக்கு, சாப்பாட்டுக்கு, குளியலறைக்குக்கூட. ஹாஸ்டலில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெளியே மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. மற்றவர்களின் ப்ளாட்டுகள் எல்லாம் பச்சை கட்டிவிட்டன. என்னுடையது மட்டும் சேறாகக் கிடந்தது. ஆடிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் முறை தட்டுகளை அறைக்கே கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். வெளியே போகும்போதெல்லாம் பூட்டினேன். அப்போதும் முளைக்கவில்லை. அந்த அறைக்கு இருந்த இன்னொரு சாவி சேலத்துக்காரியிடம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறையைப் பெருக்கும்போது அவள் கட்டிலுக்கு அடியில் விளக்குமாறு எதிலோ தட்டியது. இழுத்துப் பார்த்தேன். ஒரு டிபன் டப்பா மூடி. அதில் ஈரத்துணி. துணி முழுக்கப் பச்சைப் பசேலென்று முளை. சாமை முளையை நான் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே சொல்லிவிடுவேன். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அடிப்பாவி, என் முறுக்கு சிநேகிதி! அவள் முடியைப் பிடித்து இழுக்காத குறையாக மேடத்தின் அறைக்கு இழுத்துப் போனேன்.

"மேம், இவதான் மேம். எங்க விதைய எடுத்துக்கிட்டு வேற எதையோ மாத்தி வெச்சிருக்கா. பாருங்க!"

சேலத்துக்காரி அழுதேவிட்டாள். "லூசாடி நீ? அது பேளுக்குறிச்சி சந்தையில நான் வாங்கினது. தண்ணியில கோளாறா, உன் விதையில கோளாறான்னு பாக்கத்தான் போட்டு வெச்சேன். நீ ராவும் பகலும் தூங்காம கெடந்தா நான் என்ன பண்றது?"

"அப்புறம் எதுக்குடி ஒளிச்சு வெச்ச?"

"சொன்னா நம்பியிருப்பியா நீ?"

நம்பியிருக்க மாட்டேன்தான். ஆனால் அதற்காக விட்டுவிட முடியுமா? "சந்தையில வாங்கினதுல மிச்சம் இருந்தாக் காட்டு," என்றேன். ஓடிப்போய் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் சந்தை விதையை வாங்கும்போது நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். கடித்ததை உள்ளங்கையில் துப்பி, உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவார்கள். நானும் கடித்தேன். வெள்ளை மாவு. பொடி மணி, அடிவாரத்துச் சாமை. எங்கள் பெருஞ்சாமை இல்லவே இல்லை. அவள் சொன்னது நிஜம்.

"இப்ப உன்னோடதையும் கடிச்சுப் பாரு," என்றார் மேடம்.

"மாட்டேன் மேம்."

"ஏன் கண்ணு?"

"அது எங்கம்மா குடுத்தது."

அவருக்குப் புரியவில்லை. சந்தைக்காரன் கொடுத்ததைக் கடிக்கலாம். சொந்தக்காரர் வீட்டில் கொடுத்த விதையைக் கடித்தால், கொடுத்தவர் மூஞ்சியில் துப்பியதற்குச் சமம். அதற்காகவே எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் இரண்டு வீடுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். இதை எப்படி மேடத்திடம் விளக்குவது? நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே சேலத்துக்காரி முடிச்சுக்குக் கை நீட்டினாள். "நீ தொடாத!" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் கடிப்பதைவிட நானே கடித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்தேன்.

வழுக்கியது. துப்பிப் பார்த்தேன். மாவு இல்லை. கண்ணாடித் துண்டு மாதிரி, வேகவைத்துக் காயப்போட்ட புழுங்கலரிசி மாதிரி மினுமினுத்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "மாறிப் போயிருக்கும் கண்ணு. சாப்பாட்டுக்குப் புழுக்கி வெச்சதத் தெரியாம முடிஞ்சு குடுத்திருப்பாங்க," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டில் சாமையை யாரும் புழுக்குவதில்லை. வெய்யிலில் காயவைத்து அப்படியே குத்துவோம். வெந்நீரில் போட்டால் விதை செத்துவிடும் என்பது அங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பினேன். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அம்மா ஏன் இப்படிச் செய்தாள்? ஒரே காரணம்தான் இருக்க முடியும். நான் தோற்க வேண்டும். தோற்றுப்போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தால் மாமன் வீட்டுக்குக் கட்டித் தாட்டிவிடலாம். போன கோயில் நோம்பிக்கு மாமன் வந்து ரொம்ப நேரம் அம்மாவோடு குசுகுசுவென்று பேசியது நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றியதும் நினைவுக்கு வந்தது. பெற்ற தாயே இப்படிக் கழுத்தை அறுப்பாளா என்று பஸ் ஜன்னலில் தலையை வைத்து அழுதேன்.

பஸ் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்து போனபோது அம்மா வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"வெதைய வெந்நீர்ல போட்டயா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கண்கூட இமைக்கவில்லை. "போட்டேன்," என்றாள்.

மழுப்புவாள், பொய் சொல்லுவாள் என்று பஸ்ஸில் ஆயிரம் சண்டை போட்டு வைத்திருந்தேன். அத்தனையும் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஒரு பிடி அங்கயே தங்கோணும்னு சொன்னியே," என்றாள் அம்மா. "தங்கட்டும்னுதான் குடுத்தேன். நல்லாத் தங்கும். மொளைக்காது, அவ்வளவுதான். முன்னால ஜீப்புல வந்து வெதை வாங்கிட்டுப் போனானே ஒருத்தன், அறுத்ததும் ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன்னு. வந்தானா? இன்னைக்கும் வழியப் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"அது மொளைக்கலைன்னா நான் பெயில்மா! என் படிப்பே அதுலதான் இருக்குது. மூணு வருசமும் போச்சு!"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாமை மொளைக்கறதுக்கா பட்டம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. வருடா வருடம் காடு முழுக்கச் சாமை முளைக்க வைக்கிறவளிடம் அதற்குப் பட்டம் உண்டென்று யாரும் சொன்னதில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு அப்படியே காய்ந்து போயிற்று. "அத மொதல்லயே சொல்லக்கூடாதா சாமி? அவங்க வாங்கி டப்பாவுல போட்டு வெக்கறதுக்குன்னு நெனச்சேன். உன்ன எதுக்கு நான் பெயிலாக்கறேன்? உங்க மாமன் வந்து தையில வெச்சுக்கலாமான்னு கேட்டப்ப, அவ படிப்ப முடிக்காம பேச்சே எடுக்காதேன்னு வெரட்டி உட்டவ நான்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"அவங்க மேல உனக்கு நம்பிக்கையில்ல, சரி. எம்மேலயுமா இல்ல? எங்கிட்டச் சொல்லிட்டுக் குடுத்திருக்கலாமில்ல?"

அம்மா மடியில் கிடந்த கிழங்குத் தோலைத் தட்டிவிட்டாள். "ஒரு பிடி அவங்களுக்குன்னு நீ சொன்னப்ப உம் மொகத்தப் பாத்தேன் கண்ணு. உனக்கு ஒரு கவலையும் இல்ல. அவங்க ஆளாயிட்டயோன்னு நெனச்சுட்டேன்."

நான் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த முகத்தை வைத்துக்கொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா எழுந்து உள்ளே போனாள். எங்கிருந்து எடுத்தாளோ, இன்னொரு முடிச்சோடு வந்தாள். "இது இந்த வருசம் நமக்குன்னு வெச்சது. கொண்டு போயி வெதை. ஒரு பிடி வேணும்னாலும் குடு. உங்க டீச்சரம்மாவ அறுத்ததும் ஒண்ணுக்கு ரெண்டாக் கொண்டாந்து தரச் சொல்லு," என்று என் மடியில் வைத்தாள்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக முடிச்சை அவிழ்த்தது. நாலு மணியை எடுத்து வாயில் போட்டேன், கடித்தேன், உள்ளங்கையில் துப்பினேன். வெள்ளை வெளேரென்று மாவு. அப்பாடா என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் அம்மா என் எதிரிலேயே நிற்பது உறைத்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கத்தியை எடுத்துக்கொண்டு பாதியில் விட்ட கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். "சாப்ட்டுட்டுப் போ," என்று மட்டும் சொன்னாள்.

ஆடி பிறக்க இருந்த வாரத்தில் விதைத்தேன். எங்கள் அறைத் தட்டில் முளை விட்டபோது சேலத்துக்காரி கட்டில் மேல் ஏறி நின்று கூச்சல் போட்டாள். ப்ளாட்டில் சாமை இடுப்பளவு வந்தது. பட்டமும் வந்தது. அறுவடை முடிந்ததும் அம்மா கேட்டபடியே மேடம் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கே நடந்து வந்து கொடுத்தார். அம்மா அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவர் போனதும் அவர் கொடுத்த சாமையைத் தனியாக ஒரு பானையில் கொட்டி மூடினாள். இன்றுவரை அதைத் தன் விதையோடு கலக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது நான் அதே பல்கலைக்கழகத்தில் மேலே படிக்கிறேன். மூணு வருசம் என்ற பேச்சை அம்மா அதன் பிறகு எடுக்கவே இல்லை. மாமன் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. மாதம் ஒரு முறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அம்மா ஏதாவது கட்டிக்கொடுப்பாள். அரிசி, அவரை, தினை, எதுவானாலும் சரி. ஆனால் முன்னைப் போல முடிந்து கொடுப்பதில்லை. முடிச்சைப் பிரித்து வைத்து, தானே ரெண்டு மணி எடுத்து என் கண்ணெதிரே கடித்து, உள்ளங்கையில் துப்பிக் காட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுக்கிறாள். போன முறை மிளகு கொடுத்தாள். அதையும் வாயில் போட்டுக் கடித்தாள். காரத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேண்டாம்மா, விடும்மா," என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு," என்று சொல்லிக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீ பாத்துக்கோ."